சக்களத்தி ரிமோட்

என் வீட்டுக்காரர் கப்பல்ல எலக்ட்ரீசியன். மாசக்கணக்குல கடல்ல கிடப்பார், அப்புறம் லீவுல வருவார். கப்பல்காரன் பெண்டாட்டி ஆளைப் பார்க்க மாட்டா, பெட்டியைத்தான் பார்ப்பான்னு எங்க ஊர்ல ஒரு பேச்சு உண்டு. நான் அப்படி இல்லை. ஆள் இளைச்சிருக்காரா, முடி கொட்டியிருக்கா, இந்தத் தடவையாவது என் பக்கத்துல நாலு நாள் உட்காருவாரா, இதுதான் என் கவலை. போன லீவுல பெட்டியைத் திறந்ததும், மடிச்ச சட்டைக்கு நடுவுல இருந்து அவர் முதல்ல எடுத்தது ஒரு ரிமோட்டை.

"வீட்ல உள்ள அம்புட்டுக்கும் இனிமே இது ஒண்ணு போதும்ளா"ன்னார். என்னைப் பொண்ணு பார்க்க வந்த அன்னைக்குக்கூட அந்த முகத்துல அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்க்கலை.

எங்க வீட்டு ஹால்ல லீவுக்கு ஒரு சாமான் சேர்ந்திருந்தது. சுவர் நிறைய டிவி, செட்டாப் பாக்ஸ், ஹோம் தியேட்டர், டிவிடி பிளேயர், நெட்டுல படம் பார்க்கிறதுக்கு டிவியில சொருகுற ஒரு குச்சி, தலைக்கு மேல ஏசி. ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி ரிமோட். நம்ம ஊர் உப்புக்காத்துக்குப் பேட்டரி போடுற இடமெல்லாம் பச்சை பூத்துக் கிடக்கும். படம் வந்தா சத்தம் வராது, சத்தம் வந்தா படம் வராது. அவர் கப்பல்ல இருந்து கூப்பிடும்போதெல்லாம் நான், "ஏங்க, நீலமா ஒரு திரை நிக்குதே, எந்த ரிமோட்டை அமுக்கணும்?"னுதான் ஆரம்பிப்பேன்.

சரி, நம்ம கஷ்டம் தீர்க்கத்தான் வாங்கியிருக்கார்னு முதல் நாள் சந்தோஷமாத்தான் இருந்தது. மறுநாள்தான் தெரிஞ்சது, அது சும்மா வாங்கி வச்சா வேலை செய்ற சாமான் இல்லை. அதுக்குப் படிச்சுக் கொடுக்கணும். பழைய ரிமோட்டையும் புதுசையும் மேசையில மூக்கோட மூக்கு வைக்கணும். பழசுல ஒரு பட்டனை அமுக்கினா, புதுசு அதைப் பார்த்துப் படிச்சுக்கிட்டு ஒரு குட்டி விளக்கு எரியும். எரியலைன்னா மறுபடி முதல்ல இருந்து. இப்படி ஒவ்வொரு ரிமோட்லயும் ஒவ்வொரு பட்டனா! அது முடிஞ்சா, லேப்டாப்புல மாட்டி, ஒரே அமுக்குல முதல்ல டிவி, அது முழிக்கிற வரைக்கும் கொஞ்சம் பொறுத்து செட்டாப் பாக்ஸ், பிறகு சத்தம்னு வரிசை கட்டணும்.

குளிச்சு, நல்ல சேலை கட்டி, மல்லிகைப்பூ வச்சு முன்னால போய் நின்னேன். "கொஞ்சம் தள்ளிக்கோளா, சிக்னல் மறைக்குது"ன்னார்.

அதையும் பொறுத்துக்கிட்டேன். ஒரு நாள் காப்பி கொண்டு போறேன், மனுஷன் அந்த ரிமோட்டைப் பார்த்து மெதுவாச் சொல்லுதார்: "படிச்சிரு தங்கம். இந்த ஒண்ணு மட்டும் படிச்சிரு."

தங்கமாம்! எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிஞ்சது. கழுத்துல தாலி ஏறின நாள்ல இருந்து "ஏளா"தான் என் பேரு. ஆசை மிஞ்சின அன்னைக்கு "ஏ புள்ள". இந்தக் கறுப்புக் கட்டைக்கு மட்டும் தங்கமா? காப்பியை டொக்குன்னு வச்சேன். "உங்க சக்களத்திக்கும் ஒரு டம்ளர் கொண்டு வரவா?"ன்னேன். சிரிச்சாரே ஒழிய தலையைத் தூக்கலை.

பக்கத்து வீட்டு அக்கா எரியிற தீயில எண்ணெய் ஊத்தினா. "நீ கொடுத்து வச்சவ. எங்க வீட்ல ஒரு பல்பு மாட்டச் சொன்னா பங்குனி போய்ச் சித்திரை வருது. உன் மாப்பிள்ளையைப் பாரு, பொண்டாட்டிக்காக எப்படி உட்கார்ந்து செய்யுதாரு!" எனக்காகவா? எனக்காகன்னா என் மூஞ்சியைப் பார்த்துச் செய்ய வேண்டியதுதானே!

ஆத்திரத்துல ஒரு வேலை செஞ்சேன். அவர் கடைக்குப் போன நேரம் பார்த்து ஹோம் தியேட்டரைக் கையால ஆன் பண்ணி வச்சேன். வந்து, பெருமையா அந்த ஒத்தைப் பட்டனை அமுக்கினார். டிவி எரிஞ்சது, எரிஞ்சிக்கிட்டு இருந்த ஹோம் தியேட்டர் அணைஞ்சிட்டு. ஆன் பண்ற பட்டனும் அணைக்கிற பட்டனும் அதுக்கு ஒண்ணுதானாம். தோத்துட்டுத் தூக்கிப் போடுவார்னு பார்த்தா, "அடடே, இப்படி ஒண்ணு இருக்கோ!"ன்னு குதூகலமா மறுபடி லேப்டாப்பைத் திறந்துட்டார். அதுக்கு ஒரு வழி கண்டுபிடிக்கிறதுல முழுசா ரெண்டு நாள் போச்சு. சக்களத்திக்கு நானே பாய் விரிச்சுக் கொடுத்த கதையாப் போச்சு.

எனக்கு அந்த லீவுல வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணுதான். திருச்செந்தூருக்கு நாங்க ரெண்டு பேரும் மட்டும் போகணும், கடல்ல கால் நனைச்சுட்டு, கருப்பட்டிக் காப்பி குடிச்சுட்டு, பேசிக்கிட்டே பஸ்ல திரும்பணும். கேட்கும்போதெல்லாம், "இதை முடிச்சிட்டுப் போவோம்"னார். முடிக்கவும் செஞ்சார். முடிச்ச அன்னைக்குச் சாயங்காலமே கம்பெனியில இருந்து போன். ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை, உடனே வந்து கப்பல் ஏறணுமாம்.

பெட்டி அடுக்கும்போது ரிமோட்டைத் தூக்கி அவர் சட்டை மேல எறிஞ்சேன். "இதையும் கூட்டிட்டுப் போங்க. லீவு பூரா இது கூடத்தான குடும்பம் நடத்துனீங்க? கப்பல்லயும் நடத்துங்க!" அழுகை முட்டிக்கிட்டு வந்தது, அடக்கலை.

அவர் அதை எடுத்து, உடைஞ்சிருக்கான்னு பார்க்கலை. அது ஒண்ணே எனக்கு அதிசயம். கட்டில்ல உட்கார்ந்து சொன்னார்: "நடுக்கடல்ல நெட் கிடைக்கதே கொஞ்ச நேரம். அதுக்குன்னு காத்துக் கிடந்து உன்னைக் கூப்பிடுதேன். நீ டிவி ஓடலைன்னு சொல்லுத. சத்தம் வரலைன்னு சொல்லுத. நான் எந்த ரிமோட்டுன்னு சொல்லி முடிக்கதுக்குள்ள லைன் கட்டாயிரும். நல்லா இருக்கீகளான்னு நீ கேட்டு எத்தனை நாளாச்சு? அந்த டிவியைப் போட்டு உடைக்கலாம்னு வரும் எனக்கு. அதான் இதைச் செஞ்சேன். இனிமேயாவது நாம ரெண்டு பேரும் பேசலாம்னு."

அந்த ரிமோட்டை எடுத்து டிவி பக்கத்துல கொண்டு வச்சேன். பொறாமை எனக்கு மட்டும்தான்னு நினைச்சிருந்தேன்.

அவர் போய்க் கொஞ்ச நாள் கழிச்சுக் கூப்பிட்டார். என்னென்ன பேசணும்னு மனசுக்குள்ள அடுக்கி வச்சிருந்தேன். "நல்லா இருக்கீங்களா?"ன்னேன். "இருக்கேன்"னார். "சாப்பாடு?" "பரவால்ல." "டிவி ஓடுதா?"ன்னு அவர் கேட்டார். "ஓடுது"ன்னேன். அதுக்கு மேல எனக்கும் ஒண்ணும் வரலை, அவருக்கும் வரலை. அடுக்கினது எல்லாம் எங்க போச்சோ! "அப்புறம்?"னார். "நீங்கதான் சொல்லணும்"னேன். அந்தப் பக்கம் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டுது. அப்பத்தான் எனக்கு விளங்குச்சு. இத்தனை வருஷமா அந்த ஓடாத டிவியை வச்சுத்தான் நாங்க பேசிக்கிட்டு இருந்திருக்கோம்.

"சரி, வச்சிரட்டா?"ன்னார்.

"வைக்காதீங்க"ன்னேன். "ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா இருங்க. நீங்க அங்கன இருக்கீங்கன்னு தெரிஞ்சாப் போதும்."

இருந்தார். மூச்சு விடுறது கேட்டுது. அப்போ யாரோ அவர் ரூம் கதவைத் தட்டிக் கூப்பிட்டான், ஏதோ மெஷின் நின்னு போச்சாம். எந்திரிச்சு ஓடிருவார்னு நினைச்சேன். இவர் போனைக் கையில வச்சுக்கிட்டே, வீட்டுக்காரிகூடப் பேசிக்கிட்டு இருக்கேன், வெளிய நில்லுன்னு இங்கிலீஷ்ல சொன்னார். நாங்க அப்போ ஒரு வார்த்தைகூடப் பேசிக்கிட்டு இருக்கலை.

நிக்கட்டும். லீவு பூரா நான் நின்னேன்லா.