ஹெர்பிஸ் என்றதும் போன மானம்

போன வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் போட்ட சத்தத்தில் நர்ஸ் வந்து அதட்டிவிட்டுப் போனார். போடாமல் என்ன செய்ய?

என் தங்கை ஜாஸ்மினின் மகள் ஷைனி. நாலு வயசு. காய்ச்சலில் படுத்தவள் சம்பந்தமில்லாமல் பேசினாள். பெற்ற தாயையே யாரென்று கேட்டாள். அப்புறம் வலிப்பு... நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்குக் காரில் பறந்தோம்.

டாக்டரம்மா கெட்டிக்காரர். மூளையில் வைரஸ் தொற்றோ என்று சந்தேகம் வந்ததுமே, டெஸ்ட் ரிசல்ட்டுக்குக் காத்திராமல் அசைக்ளோவிர் மருந்தை நரம்பில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார். ரிசல்ட்டும் வந்தது - ஹெர்பிஸ். சில நாளில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டது. அப்பாடா என்றிருந்தது.

அங்கேதான் வினை.

எங்கள் சபையில் யாருக்காவது சுகமில்லை என்றால், ஞாயிறு ஆராதனையில் பேரும் வியாதியும் சொல்லி ஜெபிப்பார்கள். நல்ல பழக்கம்தான். ஆனால் ஜாஸ்மினின் புருஷன், எங்கள் மாப்பிள்ளை, குருவானவரிடம் சொல்லுமுன் தன் அண்ணனிடம் சொல்லிவிட்டார். அண்ணன் ரிட்டையர்டு பேங்க் ஆபீசர். மொபைலில் தேடி நாலு வரி இங்கிலீஷ் படித்தார் - படுக்கையில் பரவுகிற வியாதியாம்! உடனே தம்பியைத் தனியே கூப்பிட்டு, ஜாஸ்மினை 'விசாரிக்க'ச் சொல்லியிருக்கிறார். எவ்வளவு கொழுப்பு!

சபையில் இந்தப் பேரைச் சொன்னால் மானம் போய்விடுமாம். டிஸ்சார்ஜ் வாங்கிக்கொண்டு போய் 'வைரல் காய்ச்சல்' என்று சொல்லிவிடலாமாம். மாப்பிள்ளையும் தலையாட்டினார்.

டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். உதட்டோரம் கொப்புளம் போடுமே, அதே வைரஸ்தான். முத்தம் கொடுத்தாலும் தொற்றும். அபூர்வமாக மூளைக்குப் போகும். மூன்று வாரமாவது மருந்து நரம்பில் ஏற வேண்டும். பாதியில் நிறுத்தினால் திரும்ப வரலாம். பேச்சு போகலாம், நினைவு போகலாம், உயிரே போகலாம்.

அண்ணன்காரர் கேட்டாரா? "பிள்ள நல்லாத்தான இருக்கா? மாத்திர வாங்கிட்டுப் போவோம்" என்றார்.

அப்போதுதான் கத்தினேன். ஒரு தாயின் நடத்தையைச் சந்தேகப்பட நாலு வரி இங்கிலீஷ் போதும். பிள்ளையைக் காப்பாற்ற டாக்டர் சொல்லும் தமிழ் போதாதா?

ஜாஸ்மின் கத்தவில்லை. மருந்து ஏறுகிற பிள்ளையின் கையைப் பிடித்தபடியே புருஷனிடம் சொன்னாள்: "அத்தான், சபையில ஹெர்பிஸ்னே சொல்லுங்க. என்னப் பத்தி என்ன வேணும்னாலும் பேசட்டும். மருந்து முடியாம எம் பிள்ளைய இங்கன இருந்து ஒருத்தரும் தூக்கக் கூடாது."

மாப்பிள்ளை தலைகுனிந்து நின்றார். அதன்பிறகு டிஸ்சார்ஜ் பேச்சை எடுக்கவில்லை. மருந்து இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

நேற்று ஆரஞ்சுப் பையோடு வந்த அண்ணனை, 'பெரியப்பா' என்று சரியாகக் கூப்பிட்டாள் ஷைனி. அவருக்குத்தான் அவள் அம்மாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஆரஞ்சை வைத்துவிட்டு நைசாக நகர்ந்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்க நெட் வேண்டாம் சார்... வாய் போதும்.