பழைய யூ போல்ட்டும் கூடலூர் பஸ்ஸும்

தேயிலை விலை விழுந்த வருடங்களில் நீலகிரியில் ஸ்பானரைத் தொட்டறியாத மெக்கானிக்குகள் திடீரென்று பெருகினார்கள். ஒற்றை லாரியை வைத்துக்கொண்டு, தோட்டக்காரர்களிடம் பச்சை இலையை ஏற்றி ஃபாக்டரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள்தான் எல்லோரும். வண்டியில் எதை மாற்ற வேண்டும், எது இன்னும் தாங்கும் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தே தீர்ப்புச் சொல்வார்கள். மாற்ற வேண்டும் என்று ஒருநாளும் தீர்ப்பு வந்ததில்லை. வெட்கங்கெட்ட கூட்டம். நானும் அதில் ஒருவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன்.

பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் உடைந்ததால் என் லாரியை ஊட்டியில் ஒரு பட்டறையில் விட்டேன். அடுக்கிய பட்டைகளை ஆக்சிலோடு சேர்த்து இறுக்கிப் பிடிப்பது யூ போல்ட். லாடம் போல வளைந்த கனத்த கம்பி, இரண்டு முனையிலும் நட்டு. அந்தப் பட்டறை மேஸ்திரிக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி உள்ளே வந்ததும் முதல் வேலையாக கேஸ் கட்டரை எடுத்துப் பழைய யூ போல்ட்டுகளை அறுத்துப் போட்டுவிடுவார். ஓனரைக் கேட்கவே மாட்டார். கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

இது எனக்கும் தெரியும். அவர் கட்டரைப் பற்றவைப்பதற்குள் சக்கரத்துக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டேன்.

"அறுக்காதீங்க மேஸ்திரி. மண்ணெண்ணெய் ஊத்திக் கழட்டுங்க. இதையே மாட்டிக்கலாம்."

"ஒருக்கா முறுக்கினது இழுத்துக்குமுங்க. மறுபடி அந்தப் பிடி பிடிக்காது. எறக்கத்துல நட்டு எளகி ஆக்சிலே நகந்துக்கும்."

"இரும்புதானுங்க, அதுக்கு என்ன வந்துரப் போகுது?"

இது என் சொந்த வாக்கியம்கூட இல்லை. துணைக்கு வந்திருந்த இன்னொரு லாரி ஓனர் வழியெல்லாம் ஓதிக்கொண்டு வந்தது. அவர் ஒரு மகா மேதை. தன் வண்டியின் கதவைக் கயிறு போட்டுக் கட்டி ஓட்டிக்கொண்டிருந்தவர்.

மேஸ்திரி வாதாடவில்லை. "கழட்டித் தர்றேனுங்க. மாட்டறதுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றார். சொன்னபடியே கழற்றி, புதுப் பட்டைகளை அடுக்கி வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வேறு ஆள் யார்? நானும் அந்த மேதையும்தான். கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்தோம். ஸ்பானரில் ஒரு பைப்பைச் செருகி, இரண்டு பேரும் அதில் தொங்கி முறுக்கினோம். கடைசியில் கறுப்பு பெயிண்ட் வேறு அடித்தேன். பெயிண்ட் இரும்புக்காக இல்லை, என் டிரைவரின் கண்ணுக்காக.

அவன் ஏழெட்டு வருடமாக என் வண்டியை ஓட்டுகிறவன். ஊட்டியிலேயே பெர்ன்ஹில்லில் அவன் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருந்தார்கள். மறுநாள் காலையில் குனிந்து பார்த்தான்.

"புது போல்ட்டுங்களாண்ணா?"

"புதுசுதான்."

அதற்குமேல் அவன் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏறி வண்டியை எடுத்தான். கேட்டிருந்தால் என்னையே சந்தேகப்படுகிறாயா என்று கோபித்திருப்பேன். அவ்வளவு யோக்கியன் நான்.

சோலூர்ப் பக்கம் இலை ஏற்றி, நடுவட்டம் வழியாகக் கூடலூர்ப் பக்கத்து ஃபாக்டரிக்கு இறங்குவதுதான் தினமும் எங்கள் ஓட்டம். எப்போதும் கேபினில் அவனுக்குப் பக்கத்தில்தான் நான் உட்காருவேன். அன்று முதல், இறக்கம் தொடங்கும் நடுவட்டத்தில் எனக்கு ஏதாவது ஜோலி வந்துவிடும். ஒருநாள் முழங்கால் வலி. ஒருநாள் யாரையோ பார்க்க வேண்டும். "நீ போப்பா, பின்னாலயே வர்றேன்" என்று இறங்கி, பஸ் பிடித்துப் போவேன். பஸ்ஸின் போல்ட்டை நான் பார்த்ததில்லை, ஆனால் அது நான் மாட்டியதில்லை என்பதே போதுமாக இருந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒவ்வொரு வளைவிலும் என் லாரி கீழே கிடக்கிறதா என்று எட்டிப் பார்ப்பேன். புது போல்ட் வாங்கி மாட்டியிருக்கலாம். மாட்டினால் அன்று சொன்னது பொய் என்று அவனுக்குத் தெரிந்துவிடுமே, மானம் என்னாவது? அப்படி ஒரு மானம். இன்று நினைத்தாலும் காறித் துப்பத் தோன்றுகிறது.

ஐந்தாம் நாளும் நடுவட்டத்தில் இறங்கி பஸ்ஸுக்கு நின்றேன். லாரி கொஞ்ச தூரம் போய் ஓரங்கட்டியது. டிரைவர் இறங்கி நடந்து வந்தான்.

"ஏனுங்கண்ணா, எறக்கத்துக்கு மட்டும் பஸ்ஸுங்களா?"

"இல்லப்பா, இங்க ஒருத்தரைப் பாக்கணும்."

"பாத்துட்டு வாங்க, நிக்கறேன். நம்ம வண்டியிலயே போலாம்."

"இலை கெட்டுப் போயிரும். நீ போ."

அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு திரும்பி, லாரியின் பின் சக்கரத்தைப் பார்த்தான். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன். அவன் கத்தவில்லை. சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தான்.

"அப்ப நானும் பஸ்ஸுலயே வர்றேனுங்க" என்று சொல்லிவிட்டு, என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.