அக்காவோடு தராருக்குள்

அந்தமானில், மாயாபந்தருக்கு அந்தப் பக்கம், காட்டுக்குள், சுண்ணாம்புப் பாறை இரண்டாகப் பிளந்து நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. மழைக்காலம் முழுக்க அந்தப் பிளவுக்குள் ஓடை இரைந்துகொண்டு ஓடும். டிசம்பர் கடைசியில் தண்ணீர் வற்றி மணலும் கூழாங்கல்லும் தெரிய ஆரம்பித்ததும் ஆள் நடக்கலாம். அங்குள்ளவர்கள் அதைத் தரார் என்பார்கள். இந்தியில் விரிசல். பாறைச் சுவர்கள் இரண்டு பனை உயரத்துக்கு எழும்பி நிற்கும். நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகத்தான் இடம். நானும் கணவரும் மகளும் குளிர்காலம் வந்தால் அங்கே போகாமல் இருக்க மாட்டோம்.

குளிர்காலம் என்று நாங்கள் சொன்னால் மெயின்லேண்ட்காரர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். மழை ஓய்ந்து, சட்டை முதுகில் ஒட்டாத மாதங்கள் எங்களுக்குக் குளிர்காலம்தான்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அக்காவும் அத்தானும் தூத்துக்குடியிலிருந்து வந்திருந்தார்கள். அப்பா மீன்பிடிக்க இந்தத் தீவுக்கு வந்தவர். நாங்கள் இருவரும் பிறந்தது போர்ட் பிளேயரில், ஷாதிபூரில். அக்கா கல்யாணமாகி அப்பாவின் ஊருக்கே திரும்பிப் போய், அங்கே பள்ளிக்கூட டீச்சரானாள். அதற்கு முந்தைய வருஷம் அவளுக்கு மார்பில் ஆபரேஷன் நடந்தது. பிறகு நீண்ட சிகிச்சை. எல்லாம் முடிந்து, "இனி நீங்க நடக்கலாம், ஏறலாம், வேலைக்குப் போகலாம்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில்தான் யாரும் அதை நம்பவில்லை.

அத்தான் நல்லவர். பிரச்சினையே அதுதான். அவள் தண்ணீர்ச் செம்பைத் தூக்கப் போனால் இவர் ஓடி வந்து வாங்கிக்கொள்வார். மாடிப்படியில் முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை. அவளுடைய மருந்து, துண்டு, வெந்நீர் பிளாஸ்க், பிஸ்கெட் எல்லாவற்றையும் ஒரு பெரிய பையில் போட்டுத் தன் தோளில் மாட்டிக்கொண்டே திரிவார். அவள் வேலையை விட்டுவிடுவதாகவும் பேச்சு இருந்தது. இரண்டு நாள் அவளைப் பார்த்துவிட்டு எனக்கு எரிச்சலாக வந்தது. போர்ட் பிளேயர் குட்வில் எஸ்டேட்டில் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுத் தருவது என் வேலை. யாருக்கு ஓட்ட வரும், யாரைச் சுற்றி இருப்பவர்கள் ஓட்ட விடமாட்டார்கள் என்பது எனக்கு முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

கணவர் மாயாபந்தரில் படகு எஞ்சின் மெக்கானிக். லீவு விட்டதும் எல்லோரும் கப்பலேறி அவரிடம் போய்ச் சேர்ந்தோம். முதல் நாள் இரவுச் சாப்பாட்டின்போது சொன்னேன்.

"நாளைக்குத் தராருக்குப் போறோம். அக்காவும் வாரா."

அத்தான் சோற்றிலிருந்து கையை எடுத்துவிட்டார். "ஏம்மா, குகை மாதிரி எடம்னு சொல்லுத. இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாருக்குப் பதில் சொல்லது?"

"எனக்கே சொல்லுங்க அத்தான். நான்தானே கூட்டிட்டுப் போறேன்."

அவர் என் கணவரைப் பார்த்தார். கணவர் கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். அவருடைய அப்பா அம்மா சிலோன் மலையகத்திலிருந்து வந்தவர்கள். அந்தப் பேச்சு அவரிடம் இன்னும் இருக்கிறது. "ஏலும்ணே," என்றார். "ஆராம் சே, மெதுவா போவம். நான் பின்னால வாரன்."

அக்கா மீன் முள்ளை நிதானமாக எடுத்துக்கொண்டே, "நான் வாரேன்" என்றாள்.

காலையில் டுங்கியில் கிளம்பினோம். மோட்டார் வைத்த சிறு படகை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். சதுப்பு மரங்களுக்கு நடுவே உப்பங்கழியில் போய் இறங்கி, அறுவடை முடிந்த ஒரு வங்காளிக் குடும்பத்தின் வயலைத் தாண்டினோம். வயல்காரப் பெண் நெல் காயவைத்துக்கொண்டிருந்தாள். "பானி கம் ஹை தீதி, ஜாவோ!" என்று கையசைத்தாள். தண்ணீர் குறைவு, தாராளமாகப் போகலாம். எனக்கு அது போதும்.

தராருக்குள் நான் முதலில். எனக்குப் பின்னால் மகள், அவளுக்குப் பின்னால் அக்கா, பிறகு அத்தான், கடைசியில் கணவர். உள்ளே நுழைந்ததும் காடு மாதிரி இல்லை, வேறொரு நாடு மாதிரி இருக்கும். மேலே வானம் ஒரு நீல நாடா. வெளிச்சம் சுவரில் வழிந்து பாதியிலேயே நின்றுவிடும். பாறையை ஓடை தேய்த்துத் தேய்த்து மடிப்பு மடிப்பாக ஆக்கியிருக்கிறது. தொட்டால் ஈரமாகவும் வழவழப்பாகவும் இருக்கும். மேல் பொந்துகளில் உழவாரக் குருவிகள் விடாமல் கிறீச்சிட்டுக்கொண்டிருந்தன. அக்கா இரண்டு சுவரிலும் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நடந்தாள். கையைத் தூக்கினால் வலிக்கும் என்று வீட்டில் அவள் சீப்பைக்கூட மேலே தூக்காதவள்.

"கை வலிக்கா?" என்று பின்னாலிருந்து அத்தான் கேட்டார்.

"இல்ல."

"தண்ணி வேணுமா?"

"வேண்டாம்ங்க."

நடுவில் ஒரு திருப்பம். அங்கே பாறை நெஞ்சு உயரத்தில் வயிறு மாதிரி வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். முழங்கால் உயரத்தில் இடம் உண்டு. பையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, குனிந்து பக்கவாட்டில் நகர்ந்தால் சுலபமாகப் போய்விடலாம். அதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். நான், மகள், அக்கா மூவரும் தாண்டிவிட்டோம். அத்தான் பையைக் கழற்றாமலே உள்ளே நுழைந்துவிட்டார்.

அப்போதுதான் தரை ஆடியது.

யாரோ கட்டிலைப் பிடித்து உலுக்கின மாதிரி. இந்தத் தீவுகளில் அது புதிதல்ல. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது விளக்கு ஊசலாடும், விளக்கைப் பார்த்துவிட்டு மீண்டும் சாப்பிடுவோம். ஆனால் பாறைக்கு நடுவில் நிற்கும்போது அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. குருவிகள் எல்லாம் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டன. மேலிருந்து மண்ணும் பொடிக்கல்லும் தலையில் கொட்டின.

"மம்மி, பூகம்ப்!" என்று மகள் என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவள் தலைமேல் என் கையை வைத்துச் சுவரோடு ஒட்டி நின்றேன். பெரிய ஆட்டம் இல்லை. என் புத்தி தெளிவாகவே இருந்தது. முன்னால் வெளிவாசல் கிட்டத்தில், பின்னால் தூரம். முன்னால்தான் போக வேண்டும்.

ஆட்டம் நின்றுவிட்டது. அத்தானால் அசைய முடியவில்லை. பயத்தில் நிமிர்ந்து, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்ததில் நெஞ்சு முன்னாலும் பை பின்னாலும் பாறையில் இறுகிவிட்டன. முகம் கறுத்துப்போயிருந்தது. "மாட்டிக்கிட்டேன்... மாட்டிக்கிட்டேன்..." என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். கணவர் அந்தப் பக்கத்திலிருந்து, "அண்ணே, டென்ஷன் வேணாம், குனிஞ்சு பாருங்க" என்றார். அத்தான் காதில் எதுவும் ஏறவில்லை.

நான் மகளை விட்டுவிட்டுத் திரும்புவதற்குள் அக்கா திரும்பியிருந்தாள். திருப்பத்துக்குள் பாதி உடம்பை நுழைத்து, அவர் நெஞ்சில் கையை வைத்தாள்.

"ஏங்க. என்னப் பாருங்க. மேல பாக்காதிய, என்னப் பாருங்க."

அவர் பார்த்தார்.

"மூச்ச விடுங்க. இழுக்கக் கூடாது, வெளிய விடுங்க. ஊதுங்க. மெழுகுவத்திய அணைக்க மாதிரி, மெதுவா... இன்னும்... இன்னும் இருக்கு உள்ள, விடுங்க."

ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சி அது. வீட்டில் தினமும் எதிரே உட்கார்ந்து அவளை ஊத வைத்தவர் அத்தான்தான். இப்போது அவர் ஊதினார். நெஞ்சு தாழ்ந்தது. அக்கா இன்னொரு கையை அவர் அக்குளுக்கடியில் விட்டுத் துழாவி, தோள்பட்டை வாரின் கொக்கியைக் கழற்றினாள். கையை நன்றாக நீட்டித்தான் அதைச் செய்திருக்க வேண்டும், பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பை சரிந்தது. கணவர் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். உள்ளே பிளாஸ்க் உடையும் சத்தம் கேட்டது.

"இப்பம் முழங்காலை மடக்குங்க. அப்படித்தான். என் கையப் புடிச்சிக்கிட்டு வாங்க."

அவர் வந்துவிட்டார். வந்ததும் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். அவள் அவர் தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். நான் ஒன்றும் செய்யவில்லை. எதையும் நானே முன்னால் நின்று செய்து பழகியவள். அன்று வேடிக்கை பார்த்ததில் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை.

கொஞ்ச தூரத்தில் தரார் முடிந்து, கிணறு மாதிரி வட்டமாக வானம் திறந்துகொண்டது. பெரணிச் செடிகள், நடுவில் தெளிந்த ஒரு குட்டை. குருவிகள் மறுபடி கத்த ஆரம்பித்தன. வெயில் விழுந்த பாறையில் உட்கார்ந்து, கணவர் கட்டிக்கொண்டு வந்த தேங்காய் ரொட்டியையும் காரச் சம்பலையும் சாப்பிட்டோம். அத்தான் நாலு ரொட்டி சாப்பிட்டார். பிறகு, "வேற வழி இருக்கா?" என்று கேட்டார்.

"மேட்டுல ஏறி காட்டு வழியா போகலாம்ணே. சுத்து," என்றார் கணவர்.

"சுத்துனாலும் பரவால்ல."

அந்த வழியில் வர மகளும் அவர்களோடு சேர்ந்துகொண்டாள். அக்கா எழுந்து உடையை உதறினாள். "நாங்க வந்த வழியே வாரோம்" என்றாள். அத்தான் தலையசைத்தார். திரும்பி வரும்போது அக்கா எனக்கு முன்னால் நடந்தாள். அந்தத் திருப்பத்தில், "பாத்து வாட்டி, தலை இடிக்கும்" என்று எனக்கு எச்சரிக்கை வேறு.

டுங்கியில் திரும்பினோம். உப்பங்கழி அகன்று கடல் தெரிகிற இடத்தில் அக்கா, தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள். "ஜூன்ல ஸ்கூலு தொறக்கும்போது நான் போவேன்."

எஞ்சின் சத்தத்தில் அத்தானுக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். கேட்டிருக்கிறது. "எட்டாங்கிளாஸ் வேண்டாம்னு சொல்லிரு. அந்தப் பிள்ளைக ரொம்பச் சேட்டை" என்றார்.

ஜூனில் அவள் போனாள். அவளுக்கு எட்டாம் வகுப்பையே கொடுத்தார்கள். போனில் அந்தப் பிள்ளைகளைப் பற்றி ஒரு மணி நேரம் திட்டுகிறாள். நான் இங்கே சிரித்துக்கொண்டே கேட்கிறேன்.