பித்தளைக்குள் மறைத்த ஈயம்

மதுரங்குளியில் எனக்கு ஒரு லேத் பட்டறை இருக்கிறது. கற்பிட்டி ஹோட்டல் ஒன்றில் கோல்ஃப் பழக்கும் நிஸார் நானா ஒருநாள் வந்தார். பாரிசவாதம் வந்து ஒரு பக்கக் கைகால் விழுந்து தேறியவர். பந்தைக் குழிக்குள் மெல்லத் தட்டிவிடும் மட்டைக்குப் பித்தளையில் புதுத் தலை கேட்டார்.

"ரெண்டு பக்கமும் பாரம் சமனா இருக்கணும் தம்பி. இல்லாட்டி அடிக்கக்குள்ள தலை திரும்பிடும்."

பிடியைச் செருகும் துளையை நான் இடம் மாறித் துளைத்துவிட்டேன். புதிதாகச் செய்யப் பஞ்சிப்பட்டு, சரியான இடத்தில் வேறு துளை போட்டு, பிழைத்த துளையில் ஈயம் ஊற்றி, மேலே பித்தளை வைத்து மினுக்கிக் கொடுத்தேன். ஈயம் பித்தளையைவிடப் பாரம் என்பது எனக்குத் தெரியாததல்ல.

இரண்டு மாதம் கழித்து மட்டையோடு வந்தார்.

"இத நீங்களே வெச்சிக்கங்க. உங்கட வேலை நல்ல வேலை. என்ட கைதான் போயிட்டு. கிட்டக் கிடக்கிற பந்தும் குழிக்குப் போகுதில்ல. வேலைய விட்டுட்டன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "வயசு போனா அப்படித்தான் நானா" என்றேன்.

மூன்று நாள் எனக்கு வேலை ஓடவில்லை. பிறகு சரியான தலையொன்றைச் செய்து, அவருடைய மட்டையில் பூட்டி, அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் ஏசவில்லை. முற்றத்தில் ஒரு கோப்பையைச் சாய்த்து வைத்துப் பந்தைத் தட்டினார். நேரே உள்ளே போனது. இன்னொன்றும் போனது.

"அப்ப என்ட கைக்கு ஒண்டுமில்லையா தம்பி?" என்று கேட்டுச் சிரித்தார்.

அந்த வேலையில் ஏற்கெனவே வேறொருவரைச் சேர்த்துவிட்டார்கள். நான் பறித்ததையே திருப்பிக் கொடுத்தேன், அதுவும் பாதியை. அதற்கு அவர் அவ்வளவு சந்தோஷப்பட்டதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.