பாக்கியம் அக்காவின் ஒரு விரல் இடைவெளி

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. மகளுக்கு இருமல், இப்போதுதான் கண்ணயர்ந்தாள். அவள் மூச்சை ஒரு காதாலும் மழையை மறு காதாலும் கேட்டுக்கொண்டு எழுதுகிறேன். நாளைக்குத் தள்ளிப்போட முடியாத விஷயம் ஒன்றும் இதில் இருக்கிறது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை ஹாலிஎலயிலிருந்து பாக்கியம் அக்காவின் மகள் மலர் எனக்குப் போன் எடுத்தாள். "மிஸ், அம்மா போயிட்டாங்க" என்றாள். தேத்தண்ணிக்குத் தண்ணி வைத்துவிட்டு உட்கார்ந்த பாக்கியம் அக்கா எழும்பவே இல்லையாம். அடுத்த கணம் நான் கேட்ட கேள்வியை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. "அக்கா பேர் எழுதி வைக்கிற கொப்பி எங்க இருக்கு மலர்?" என்று கேட்டேன். அவள் கோபப்படவில்லை. "அம்மாவும் அதைத்தான் முதல்ல கேட்டிருப்பாங்க" என்றாள்.

பதுளை அலுவலகத்தில் எங்களோடு வேலை செய்த உங்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவை அவர்தான் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டார். மலைச்சரிவில் வெடிப்பு விழுந்து, கீழேயுள்ள வரிசை வீடுகளான லயங்களைக் காலி செய்து குடும்பத்துக்கு ஒரு வீடு கட்டிக்கொடுக்க முடிவானபோது, குடும்பப் பட்டியல் தயாரிக்கும் பொறுப்பு எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. அக்கா வீடு வீடாகப் போய் எழுதுவார். நான் கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால், கொழும்பில் இருப்பவர்கள் அங்கிருந்தே பார்க்கும்படி அதை இணையப் பக்கமாக்குவது என் வேலை.

அவருடைய கொப்பியை முதன்முதலில் விரித்த நாள் நினைவிருக்கிறது. தோட்டத்தின் எந்தப் பிரிவு என்று டிவிஷன் பெயர் ஓரத்தில். லயம் ஒரு விரல் தள்ளி. லயத்துக்குள் அறை, அதாவது காம்பரா, இரண்டு விரல். குடும்பம் மூன்று விரல். உண்மையாகவே விரலை வைத்து அளந்துதான் எழுதுவார். தாளில் அகலம் போதாவிட்டால் சோற்றுப்பசையில் துண்டுத்தாள் ஒட்டுவார். "கோடு போட்டா கோணிக்கும் மிஸ். விரல் கோணாது" என்றார்.

நான் சர்வரில் ஓடும் நிரலை எழுதினேன். டிவிஷன்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க ஒரு சுற்று, அதற்குள் லயத்துக்கு ஒன்று, காம்பராவுக்கு ஒன்று, குடும்பத்துக்கு ஒன்று. திரையில் பட்டியல் அழகாக வந்தது. அக்கா திரைமேல் விரலை வைத்துப் படித்துக்கொண்டே வந்தார்.

"மகேஸ்வரிய காணோமே?"

"இருப்பாங்க அக்கா, நல்லாப் பாருங்க."

"அவ மாமனார் காம்பராவுல, வாசல் இஸ்தோப்ப சாக்கால மறைச்சு, ரெண்டு புள்ளைகளோட இருக்கா. நாலு விரல் தள்ளி எழுதியிருக்கேனே. உங்க பொட்டிக்கு மூணு விரல்தானா மிஸ்?"

மூன்றுதான். அதற்கு மேல் உள்ளே இருந்தவர்களை என் நிரல் பார்க்கவே இல்லை. எத்தனை அடுக்கு என்று நான் அலுவலகத்தில் உட்கார்ந்தே முடிவு செய்திருந்தேன். நான்கு சுற்றையும் அழித்துவிட்டு ஒரே ஒரு செயற்கூறு எழுதினேன்: ஒரு பெயரை எழுது, அதற்குக் கீழே யாராவது இருந்தால் அவர்களுக்கும் இதே வேலையைச் செய். இனி எத்தனை விரல் தள்ளிப் போனாலும் அது பின்னாலேயே போகும்.

மறுநாள் வேறு கூத்து. உள்பட்டியலைத் திறந்த நான் அதை மூடும் குறியை எழுத மறந்துவிட்டேன். பிறகு வந்த பெயர் எல்லாம் அதற்குள்ளேயே போய் விழுந்தது. அக்கா வாய்விட்டுச் சிரித்தார். "பழைய கங்காணி காம்பராவுல மொத்த லயமும் குடி வந்திருச்சு! மனுசன் ஒரு விருந்தாளிக்குப் பாய் போட மாட்டாரு!" சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளைக் காம்பராவ நான் சும்மா பூட்ட மாட்டேன் மிஸ். உள்ள போனவுங்க எல்லாம் வெளிய வந்தாச்சான்னு பேர் சொல்லிப் பார்த்துத்தான் பூட்டுவேன்." அன்றிலிருந்து ஒவ்வொரு திறப்புக்கும் மூடல் இருக்கிறதா என்று நானும் வாய்விட்டுச் சொல்லியே பார்க்கிறேன்.

மகேஸ்வரி பட்டியலுக்கு வந்தாள். ஆனால் மாமனாருக்குக் கீழே. அப்படியானால் அவளுக்குத் தனி வீடு இல்லை. சரிபார்க்க வந்த அதிகாரி, "ஒரே காம்பரா என்றால் ஒரே குடும்பம்தானே" என்றார். அக்கா விடவில்லை. "ஐயா, அங்க ரெண்டு அடுப்பு எரியுது. வாங்க, காட்டுறேன்" என்று கையோடு கூட்டிப்போனார். பின்னேரம் தாய்மார் உலை வைக்கும் நேரம் பார்த்துத்தான் கூட்டிப்போனார் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது. தனி அடுப்பு இருந்தால் தனிக் குடும்பம் என்று அன்றே ஒத்துக்கொண்டார்கள். நிரலில் நான் எதையும் மாற்றவில்லை. மகேஸ்வரிக்கு மேலே இருப்பவர் யார் என்று குறிக்கும் எண்ணை மட்டும் மாற்றினேன். அவள் ஒரு விரல் வெளியே வந்தாள். இன்று தனக்குக் கிடைத்த புது வீட்டின் கதவுக்கு நீலப் பெயின்ட் அடித்திருக்கிறாள்.

இனிச் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். மற்ற டிவிஷன்கள் முடிந்துவிட்டன, கீழ் டிவிஷன்தான் இன்னும் பட்டியலில் ஏறவில்லை. மலர் கொண்டுவந்து தந்த கடைசிக் கொப்பி மழையில் ஊறியிருக்கிறது. எழுத்து தெரிகிறது, ஆனால் ஒட்டிய துண்டுகள் கழன்றுவிட்டன. பதினான்கு பெயர்கள் என் மேசையில் தனித்தனியாகக் காய்கின்றன. எந்தக் காம்பரா, யாருக்குக் கீழே, எத்தனை விரல் என்று தெரியவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை பட்டியலை மூடுகிறார்கள். கிடைத்த காம்பராவில் அவர்களைப் போட்டு முடித்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நான் அதைச் செய்ய மாட்டேன். வெளியே மழை விடவில்லை. அந்தச் சரிவின் கீழேதான் அவர்களும் பிள்ளைகளும் படுத்திருக்கிறார்கள்.

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த விரலும், பூட்டுவதற்கு முன் பேர் சொல்லிப் பார்க்கும் அந்தப் பழக்கமும்தான். பதினான்கு பேரும் வெளியே வராமல் நான் இந்தப் பட்டியலைப் பூட்டப்போவதில்லை.

அக்காவோடு கீழ் டிவிஷனுக்கு நடந்தவர்கள் உங்களில் சிலர் இருக்கிறீர்கள். பெயர்களைத் தனித் தாளில் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பெயருக்கும் நேரே எந்தக் காம்பரா, தனி அடுப்பா இல்லையா என்று, தெரிந்தவரைக்கும் எழுதுங்கள். தெரியாததைத் தெரியாது என்றே எழுதுங்கள். நான் நேரில் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். வருகிற புதன்கிழமைக்குள் பதில் போடுங்கள்.