தப்பாவே முடிச்சிருங்க

ஜாஸ் இசையில் யாரும் எழுதித் தராததை, அந்த நொடியில் தோன்றுகிறபடி வாசிக்க வேண்டும். எனக்கோ எதுவுமே தோன்றவில்லை. காரைக்குடி வாடகை வீட்டில் வைப்ரஃபோனின் உலோகப் பட்டைகளைத் தினமும் தட்டினேன். ஒரு பட்டை தவறினாலும் நிறுத்திவிட்டு முதலிலிருந்து தொடங்குவேன். மாதக்கணக்கில் இதே கதைதான். ஒருநாள் மாலை குச்சிகளைச் சுவரில் வீசியடித்துவிட்டு, தரையில் உட்கார்ந்து அழுதேன். இனி இந்த வாத்தியத்தைத் தொடுவதில்லை என்று முடிவே செய்துவிட்டேன்.

கதவு தட்டும் சத்தம். பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்கா. அவர் கணவர் சவூதியிலிருந்து பக்கவாதத்தோடு திரும்பி, படுத்த படுக்கையாகக் கிடந்தார். சத்தம் தாங்காமல் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

“ஏன் தங்கச்சி பாதியிலயே நிப்பாட்டுறீக? உங்க மச்சான் காது இங்குட்டுத்தான் கெடக்கு. நீங்க நிப்பாட்டுனா வெளங்குற கையால கட்டில அடிக்கிறாக. தப்பாவே முடிச்சிருங்க.”

அவர் போனதும் குச்சிகளைப் பொறுக்கினேன். வழக்கமான இடத்தில் பட்டை தவறியது. கை தயங்கியது. தவறிய பட்டையையே மறுபடி தட்டினேன். அது என்னை எங்கோ இழுத்துப் போனது. அழகாக இருந்ததா, தெரியாது. முடித்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது கட்டில் காலியாக இருக்கிறது. ஆனாலும் பாதியில் நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை.