கேட்டுக்காரரும் பதினொரு படங்களும்

போகிற வழியில் ஸ்கூட்டரை நிறுத்தி, இறங்கி, யாரோ ஒருவருடைய வீட்டுக் கேட்டைத் திறந்து மூடிப் பார்க்கிறார். ஒருமுறை மெதுவாக, ஒருமுறை வேகமாக. தலையைச் சாய்த்துக் காது கொடுக்கிறார். கீல் லேசாக முனகியதும் முகம் சுருங்குகிறது. சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன எண்ணெய்க் குப்பி வெளியே வருகிறது. மேல் கீலில் இரண்டு சொட்டு, கீழ்க் கீலில் மூன்று. மறுபடி திறந்து மூடினால் சத்தமில்லை. உள்ளே நாய் குரைக்கத் தொடங்குவதற்குள் அவர் தெருமுனையைத் திரும்பிவிடுகிறார்.

பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரியாது. கேட்டுக்காரர் என்றால் தெரியும். இருபத்திரண்டு வருடமாக இரும்புக் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிறார். தான் செய்த கேட்டு எந்த வீட்டில் நின்றாலும் அது தன் பொறுப்பு என்பது அவர் கட்சி. வீடு கைமாறியிருக்கலாம், செய்யச் சொன்னவர் வேறு ஊருக்கே போயிருக்கலாம். அவருக்கு அது பொருட்டில்லை. "கேட்டு வாயத் தொறந்தா எனக்குத் தூக்கம் வராதுங்க" என்பார்.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. அவரிடம் உள்ள சட்டைகள் அத்தனையிலும் வயிற்றுப் பக்கம் வெல்டிங் பொறி பட்டுப் பொடிப்பொடியாக ஓட்டை. துவைத்துக் காயப்போடும்போது மனைவி, "இதுல மாவு சலிக்கலாம்" என்பாள். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட அவர் கண் ஜன்னலுக்குத்தான் போகும். கம்பியை விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, அதன் பிறகே அழுகிறவர்கள் பக்கம் திரும்புவார். "மொதல்ல மனுஷங்க மொகத்தப் பாருங்க" என்று மனைவி தொடையில் கிள்ளிய நாட்கள் உண்டு.

பட்டறை வீட்டுக்குப் பின்னால், தகரக் கூரைக்குக் கீழே. வேலை அவருடையது, வெளியுலகம் மனைவியுடையது. யார் எப்போது கூப்பிட்டார்கள், யாருக்கு எந்த வளைவு பிடித்தது, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. போன வருடம் இணையத்தில் பட்டறைக்கென்று ஒரு பக்கம் தொடங்கி, அவர் செய்ததில் அழகான பதினொரு கேட்டுகளின் படங்களைப் போட்டதும் அவள்தான்.

சங்கடமும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது.

பதினாறு குடித்தனங்கள் கொண்ட புதுக் கட்டடம் ஒன்றுக்குக் கிரில் முழுவதும் அவருக்கே என்று பேச்சு முடிந்திருந்தது. ஒருநாள் அந்தக் கட்டடத்தின் கான்ட்ராக்டர் பட்டறை வாசலில் வந்து நின்று போனை நீட்டினார். அதே பதினொரு படங்கள், வேறொரு பெரிய கம்பெனியின் பக்கத்தில். ஒவ்வொன்றின் குறுக்கேயும் கம்பெனியின் பெயர்.

"அவங்க பேரோட இருக்கு, பாருங்க. நீங்க பேர எடுத்துட்டு உங்க வேலைன்னு போட்டிருக்கீங்க. ஏங்க, இந்த வயசுல இதெல்லாம் தேவையா?"

கான்ட்ராக்டர், "யோசிச்சுச் சொல்றேன்" என்று போய்விட்டார். அன்று கட்டிங் மெஷின் ஓடவில்லை. "நாக்கு மேல பல்லு போட்டுத் திருடன்னுட்டாரே" என்று மாலைவரை ஒரே புலம்பல். அடுத்த நாட்களில், தான் செய்த கேட்டுகளைத் தாண்டிப் போகும்போது ஸ்கூட்டரை நிறுத்தவில்லை. திருடன் என்று பேர் வாங்கியவன் அடுத்தவர் வீட்டுக் கேட்டில் கை வைப்பதாவது என்று தலையைக் குனிந்தபடி போனார். இருபத்திரண்டு வருடத்தில் நல்ல பெயரைத் தவிர அவர் பெரிதாகச் சேர்த்தது எதுவும் இல்லை. அதற்கே ஆபத்து என்றால் மனுஷன் என்னதான் செய்வார்?

மனைவி விடுகிற ஆளில்லை. இணையதளத்துக்கு முறையாகப் புகார் எழுதினாள். மறுநாளே பதில் வந்தது. அந்தக் கம்பெனி படங்களைப் போட்டது இவர்களுக்கு முன்பாம். இவை உங்களுடையவை என்பதற்கு ஆதாரம் அனுப்புங்கள், அசல் படம் இருந்தால் நல்லது.

அசலுக்கு எங்கே போவது? பக்கம் தொடங்குமுன்பே, விசாரித்தவர்களுக்கெல்லாம் அவர் படங்களை அள்ளி அனுப்பிக்கொண்டிருந்தவர். அதில் ஏதோ ஒரு கை வழியாகத்தான் அவை அங்கே போயிருக்க வேண்டும். அசல் இருந்த பழைய போனுக்கோ வேறு கதி. சிவக்கக் காய்ந்த கம்பியைத் தண்ணீர் வாளியில் முக்கக் குனிந்தபோது சட்டைப் பையிலிருந்து நழுவி அதுவும் கூடவே முங்கியது. கம்பி பிழைத்தது.

"போன்தானே முங்கிச்சு. கேட்டு அங்கயேதானே நிக்குது?" என்றார் கேட்டுக்காரர், பாதி அழுகையில்.

மனைவி அவரையே பார்த்தாள். "தெருவுல நின்னு யார் வேணாலும் படம் எடுக்கலாம். வீட்டுக்காரங்க விடாம கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் யாருங்க நிக்க முடியும்?"

ஞாயிற்றுக்கிழமை இருவரும் கிளம்பினார்கள். பழைய படத்தைப் பார்த்துப் பார்த்து, அதே இடத்தில் அவள் நிற்பாள். இரண்டடி பின்னே, அரையடி இடது. வீட்டுக்காரர்கள் உள்ளே விட, அவர் கேட்டை மூடிக்கொண்டு கைகளைத் தொங்கவிட்டபடி விறைப்பாக நிற்பார். "களவாண்டவன் வெளிய சுத்தறான். நீங்க கம்பி எண்ணிட்டு நிக்கறீங்க" என்று சிரித்துக்கொண்டே அவள் படமெடுத்தாள். ஒவ்வொரு வீட்டுக்காரரும், இந்தக் கேட்டைச் செய்தவர் இவர்தான் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். ஒரு வீட்டில் கேட்டே இல்லை. சாலையை அகலப்படுத்தியபோது பிடுங்கியிருந்தார்கள். அதற்கு அவர் வீட்டுக்காரரைவிட அதிகமாக வருத்தப்பட்டார்.

எட்டாவது வீடு கைமாறியிருந்தது. புதிதாக வந்தவர் கதவைத் திறந்ததும் இவரைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"நீங்களா? மாசாமாசம் வந்து கேட்டத் தொறந்து மூடிட்டு ஓடறது நீங்கதானே? நான் ஏதோ பைத்தியம்னு நெனச்சேங்க. போலீசுக்குச் சொல்லலாமான்னு வீட்ல பேசிட்டிருந்தோம்."

"எண்ணெ விடத்தாங்க வந்தேன். நான் செஞ்ச கேட்டு."

அந்த மனிதர் வெகுநேரம் சிரித்தார். பிறகு தாளை வாங்கி யோசித்தார். கேட்டைச் செய்தபோது தான் இங்கே இல்லையே, தெரியாததை எப்படி எழுதுவது? கடைசியில் தெரிந்ததை எழுதினார்: "இந்தக் கேட்டுக்கு மாதம் ஒருமுறை, யாரும் கேட்காமலே வந்து எண்ணெய் விட்டுப் போகிறவர் இவர்."

பத்துப் படங்களும் பத்துத் தாள்களும் அன்று மாலையே போய்ச் சேர்ந்தன. ஐந்தாம் நாள் காலை, அவர் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது மனைவி உள்ளேயிருந்து கூவினாள். கம்பெனி போட்ட பதினொன்றையும் நீக்கிவிட்டார்கள். பிடுங்கப்பட்ட கேட்டின் படத்தையும் சேர்த்து. வாயில் நுரையோடு ஓடிவந்து, "இன்னொருதரம் படி" என்றார். மூன்றுதரம் படிக்க வைத்தார். பிறகு அந்தக் கம்பெனியின் பக்கத்தை அவரே தள்ளித் தள்ளிப் பார்த்தார். இல்லை, எதுவுமே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பத்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிய சந்தோஷத்தில், வாய் கொப்பளிக்கவே மறந்துபோனது.

மனைவி அந்தப் பதிலைக் கான்ட்ராக்டருக்கு அனுப்பினாள். பத்து மணிக்கு அவரே கூப்பிட்டார். மன்னிப்பு என்ற வார்த்தை எல்லாம் இல்லை. "திங்கக்கிழம அளவெடுக்க வந்துடுங்க" என்றார். இவரும், "வந்துடறேங்க" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்க வேண்டாமா என்று மனைவி பொரிந்தாள்.

"வாங்கன்னு கூப்ட்டாரே. திருடன யாராவது வீட்டு வேலைக்குக் கூப்புடுவாங்களா? போதும்மா."

அன்று பகல் சாப்பாட்டுக்குப் பின், புதிதாக எடுத்த படங்களைப் பக்கத்தில் போட மனைவி உட்கார்ந்தாள். இனிமேல் எல்லாப் படத்திலும் பட்டறையின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள். முதல் படம், மார்பளவே உள்ள ஒரு கேட்டு. பின்னால் விறைப்பாக அவர். பெயரை நடுவில் வைத்தாள்.

"அந்த வளைவு மறையுதே. அதுக்குத்தானே மூணு நாளு ஆச்சு."

கீழே இறக்கினாள்.

"தாழ்ப்பாளு போச்சு."

"அப்ப எங்கதான் வெக்கறது? ஓரத்துல வெச்சா வெட்டிட்டு எடுத்துட்டுப் போயிடுவான்."

அவர் போனை வாங்கிக்கொண்டார். தழும்பேறிய கட்டைவிரலால் பெயரை மெல்ல மெல்ல மேலே நகர்த்தினார். வளைவைத் தாண்டி, ஈட்டி முனைகளைத் தாண்டி, தன் முகத்தின் மேல் கொண்டுபோய் இந்தக் காதிலிருந்து அந்தக் காதுவரை மூடும்படி வைத்துவிட்டு, "இப்ப எல்லாம் தெரியுது" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.